வேண்டும் என்ற ஒரு சொல்

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக மலையேறி, வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் பதினான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன்; முதலில் கணக்கு எழுதினேன், பிறகு சூப்பர்வைசர் ஆனேன். நல்ல தலைமை என்ற பேச்சு எழும்போதெல்லாம் 2019 ஆகஸ்டில் நான் செய்த தவறும், அதையடுத்து எங்கள் மேனேஜர் நடந்துகொண்ட விதமும்தான் நினைவுக்கு வருகின்றன.

முந்தைய ஆண்டு வெள்ளத்திலும் அடுத்து வந்த வறட்சியிலும் செடிகள் அடிபட்டு, மலை முழுவதும் காய் குறைந்திருந்தது. அந்த மாதத் தொடக்கத்தில் புற்றடியில் நடக்கும் ஏலக்காய் ஏல விற்பனையில் அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் காய் காய்ந்தால்தான் ஒரு கிலோ தேறும். பெண்கள் செடியின் தூரில் குந்தி, மண்ணோடு படர்ந்து கிடக்கும் சரங்களை விலக்கி, முற்றிய காயை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். அட்டை கடித்தாலும் கையை எடுக்க நேரமிருக்காது. பறிப்பு ஒரு சுற்று தள்ளிப்போனால் காய் பழுத்து, ஸ்டோரில் உலர்த்தும்போது வெடித்து, நிறமும் விலையும் போய்விடும்.

மூன்று மணிக்கு விட வேண்டியவர்களை ஒரு வாரம் ஐந்து மணி வரை நிறுத்தினேன். “சாரு, மேட்டுல மஞ்சு எறங்கிட்டா வண்டி தெரியாது” என்று மூத்த பெண்மணி ஒருவர் சொன்னபோது, தோட்டத்துக்கு வேண்டும் என்று பதில் சொன்னேன். உண்மையில், என் பகுதியின் எடைக்கணக்கு மற்றப் பகுதிகளை முந்த வேண்டும் என்பதுதான் என் ஆசை. நம் மொழியில் ஆசைக்கும் தேவைக்கும் ‘வேண்டும்’ என்ற ஒரே சொல் போதுமாக இருப்பது, என்னைப் போன்றவர்களுக்கு எவ்வளவு வசதி! ஆறாம் நாள் மாலை மூடுபனியில், அவர்களை ஏற்றிச் சென்ற ஜீப் வளைவுச் சுவரில் மோதியது. ஒருவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

மறுநாள் விடிவதற்கு முன்பே மேனேஜர் கம்பத்துக்கு இறங்கி வந்து, அதே வழியில் வரும் இன்னொரு ஜீப்பின் பின்பக்கத்தில் பெண்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்து மலையேறினார். வண்டியில் பதினேழு பேர் என்று இறங்கியதும் சொன்னார். பிறகு என் எடைப் புத்தகத்தை விரித்து, ஐந்து மணிக் கணக்கின்மேல் விரலை வைத்து, “இது யாருக்குப்பா வேணும்?” என்று மட்டும் கேட்டார்.

மழை நிற்கும் வரை இரண்டரை மணிக்கே ஆட்களை விடச் சொன்னார். அந்தச் சுற்றில் ஒரு பங்கு காய் செடியிலேயே பழுத்தது. அதற்கான விளக்கத்தை முதலாளிக்கு அவரே தம் பெயரில் எழுதினார். அவருடைய குவாட்டர்ஸ் கூரைக்கென்று ஒதுக்கியிருந்த பணம் இரண்டாவது ஜீப்பின் வாடகைக்குப் போனது.

அவரை மகான் ஆக்க எனக்கு விருப்பமில்லை. சிடுசிடுப்பானவர், கணக்கில் கறார். பெண்கள் அவரிடம் கேட்டது ஜீப் அல்ல, பண்டிகைக்கு அட்வான்ஸ். அதை அவர் மறுத்துவிட்டார். கேட்காத வண்டியைக் கொடுத்து, கேட்ட பணத்தைக் கொடுக்காத மனிதர் என்று பல நாள் முணுமுணுப்பு இருந்தது. தம் ஆசையை விட்டுக்கொடுப்பதைக் காட்டிலும், கீழே இருப்பவர்களின் ஆசைக்குத் தலையாட்டி நல்ல பெயர் வாங்காமல் இருப்பதுதான் கடினமென்று அப்போது எனக்குத் தோன்றியது. ஆனால் அட்வான்ஸ் விஷயத்தில் அவர் செய்தது சரிதானா என்று எனக்கு இன்றும் தெளிவில்லை. அவர்களுடைய தேவையைத் தீர்மானிக்கும் உரிமையை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்ற கேள்வி நியாயமானதுதான்.

ஓய்வு பெறும் வரை மழைக்காலங்களில் அவர் அறையில் ஒழுகும் இடத்துக்குக் கீழே ஒரு வாளி இருந்தது. அவருக்குப் பின் அந்தக் குவாட்டர்ஸுக்கு வந்தவன் நான். முதலில் எழுதிய செலவுக் கோரிக்கையே அந்தக் கூரைக்குத்தான். காரணம் என்ற இடத்தில் ‘அவசியத் தேவை’ என்று எழுதிவிட்டு, பேனாவை மூடாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.