மின்கம்பியும் ஒரு சைகைக் கம்பி

பழைய பிடிபி-11 மினி கணினியுடன் ஃபிளாப்பி டிரைவை இணைப்பது எப்படி என்று விசாரிப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது நாற்பது இழைப் பட்டைக் கேபிளைப் பற்றித்தான். சிவப்புக் கோடு எந்தப் பக்கம் வரவேண்டும், அட்டையை எந்த இடத்தில் செருகவேண்டும், முகவரி ஜம்பர்கள் எப்படி இருக்கவேண்டும். நியாயமான கேள்விகள். ஆனால் எண்பதுகளில் தென்னிந்திய ஆய்வகங்களில் இந்த இயந்திரங்களைப் பராமரித்த எனக்கு அதிகத் தலைவலி கொடுத்தது பெட்டிக்குப் பின்னால் தொங்கிய இன்னொரு கம்பி. சுவரில் உள்ள பிளக்குக்குப் போகும் சாதாரண மின்கம்பி.

கேபிள் பக்கம் உண்மையில் சுலபம். பிடிபி-11இன் ஃபிளாப்பி சாதனங்களான ஆர்எக்ஸ்01, ஆர்எக்ஸ்02 இரண்டும் எட்டு அங்குல டிரைவுகள் இரண்டைக் கொண்ட கனமான பெட்டிகள். தட்டைப் படிப்பது, எழுதுவது, தலையை நகர்த்துவது ஆகியவற்றைக் கவனிக்கும் மூளை அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. கணினிக்குள் செருகும் அட்டைக்கு அதிக வேலையில்லை. பெட்டிக்கும், கணினியின் அட்டைகளை இணைக்கும் பொதுப்பாதையான பஸ்ஸுக்கும் இடையே தூது போவதோடு சரி. அட்டையின் வழக்கமான முகவரி, எட்டை அடிமானமாகக் கொண்ட எண்ம முறையில், 177170. சுவிட்சைப் போட்டதும் டிரைவுகளின் தலைகள் கரகரவென்று ஓடித் தம் இடத்துக்குத் திரும்பும். பிறகு கன்சோலில் @ குறி வந்ததும் 177170 என்று தட்டி ஒரு சாய்கோடு போட்டால், எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது ஆர்எக்ஸ்01இல் 000040 என்ற விடை வரும், ஆர்எக்ஸ்02இல் 004040. இரண்டிலும் உள்ள அந்த 40, வேலை முடிந்தது என்பதைக் காட்டும் ஐந்தாவது பிட். அந்த எண்ணைப் பார்த்துவிட்டால் கேபிளை மறந்துவிடலாம்.

சிறிய பிடிபி-11களின் பஸ்ஸான கியூ-பஸ்ஸில் ஒரு பொறி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ‘என்னைக் கவனி’ என்று ஓர் அட்டை கணினியைக் கூப்பிடுவதுதான் குறுக்கீடு; அதற்கான அனுமதி ஓர் அட்டையிலிருந்து அடுத்த அட்டைக்குக் கைமாறிக்கொண்டே போகும். நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தால் அதற்கு அப்பால் இருக்கும் அட்டைக்கு அனுமதி போய்ச் சேராது. ஆர்எக்ஸ்01 இருக்கும் கணினியில் இது ஏமாற்றும் விதம் விசித்திரமானது. 177170 போன்ற முகவரிகளில் உள்ள அட்டையின் பதிவேடுகள் பதில் சொல்லும். தொடக்க நிரல் குறுக்கீட்டை நம்பாமல் பைட் பைட்டாகக் கேட்டு வாங்குவதால் தட்டும் படிக்கப்படும். ஆர்டி-11 இயங்குதளம் நினைவகத்தில் ஏறி, முதன்முறையாகக் குறுக்கீட்டுக்குக் காத்திருக்கும் இடத்தில் எல்லாம் உறைந்துபோகும். டிரைவைக் கழற்றுவதற்கு முன் அட்டை வரிசையில் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தால் பாதி நாள் மிச்சம்.

இனி மோட்டாருக்கு வருகிறேன். எட்டு அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 360 முறை சுழலவேண்டும். அதைச் சுழற்றுவது மாறுமின் மோட்டார். நடுவே ஒரு பெல்ட்டும் கப்பியும். இந்த மோட்டாரின் வேகத்தைத் தீர்மானிப்பது மின்னழுத்தம் அல்ல, அதிர்வெண். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. ஆகவே இங்கே வரும் பெட்டியில் அதற்கேற்ற அளவுள்ள வேறு கப்பி இருக்கவேண்டும். 60 ஹெர்ட்ஸ் கப்பியோடு இங்கே ஓடவிட்டால் தட்டு 300 சுற்றுதான் சுற்றும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 230 வோல்ட்டை 115 ஆக்கிவிட்டால் போதும் என்று நம்பியவர்களின் பெட்டிகள் மிக அமைதியாக, மிக மெதுவாக, ஒரு செக்டரையும் படிக்காமல் சுழன்றுகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கப்பி சரியாக இருந்தாலும் கதை முடியவில்லை. அந்தக் காலத்துத் தென்னக மின்தொகுப்பில் 50 ஹெர்ட்ஸ் என்பது ஒரு விருப்பம் மட்டுமே. தேவை அதிகமாகி உற்பத்தி போதாத நேரங்களில் அதிர்வெண் 49க்குக் கீழே இறங்கும். 48ஐத் தொடும் மாலைகளும் உண்டு. நான்கு சதவீதம் குறைந்தால் தட்டின் வேகம் 346 சுற்றுக்கு வந்துவிடும். ஆர்எக்ஸ்01 இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அதில் ஒவ்வொரு பிட்டுக்கும் நான்கு மைக்ரோ வினாடி இடம், ஒவ்வொன்றோடும் ஒரு கடிகாரத் துடிப்பு. ஆர்எக்ஸ்02 அதே தட்டில் இருமடங்கு அடைப்பதால் பிட்டுக்கு இரண்டு மைக்ரோ வினாடிதான். அதிலும் செக்டரின் தலைப்பு பழைய அடர்த்தியில், உள்ளிருக்கும் தரவு புதிய அடர்த்தியில். அதனால் மாலை நேரத்துப் பிழைக்கு ஒரு தனி முகம் இருந்தது. டிரைவ் செக்டரைச் சரியாகக் கண்டுபிடிக்கும். தரவைப் படிக்கும்போது சிஆர்சி பிழை, அதாவது சரிபார்ப்பு எண் ஒத்துவரவில்லை, என்று கைவிரிக்கும். காலையில் அதே தட்டு நன்றாகப் படிக்கும். மாலையில் எழுதியது காலையில் முரண்டு பிடிப்பதும் உண்டு.

ஆய்வகத்து எலக்ட்ரீஷியன் ஒருவர் என்னை ஸ்டெபிலைசருக்கு முன்னால் கூட்டிக்கொண்டுபோய், "பாருங்கள் சார், முள் 230ஐ விட்டு அசையவே இல்லை. எங்கள் பக்கம் குறை ஒன்றுமில்லை" என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. ஸ்டெபிலைசர் அழுத்தத்தைத்தான் பிடித்து வைக்கும், அதிர்வெண்ணை அல்ல. கணினியின் மின்வழங்கிக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டே அல்ல. அது வருவதை நேர்மின்னாக்கிக்கொண்டு தன் பாட்டுக்கு ஓடும். ஆகவே கணினி நலம், டிரைவ் மட்டும் நோயாளி. பழி எப்போதும் டிரைவின் தலைமேல் விழும். தலையைத் துடைப்பார்கள், சரிபார்ப்புத் தட்டு கேட்பார்கள், இறக்குமதி உரிமத்துக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்குவார்கள்.

சுழற்சி வேகத்தைச் சோதிக்க டியூப் லைட்டின் கீழே கோடு போட்ட வட்டத்தை வைத்துப் பார்க்கும் பழக்கம் மெக்கானிக்குகளிடம் உண்டு. கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. மாறுமின் மோட்டாரிடம் இந்த உத்தி பலிக்காது. மின்தொகுப்பு தளர்ந்தால் விளக்கின் துடிப்பும் மோட்டாரின் சுழற்சியும் சேர்ந்தே தளரும். கோடுகள் அப்போதும் சத்தியம் செய்தது போல அசையாமல் நிற்கும். தட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வரும் இன்டெக்ஸ் துடிப்புகளின் இடைவெளி 166.7 மில்லி வினாடி இருக்கிறதா என்று ஆஸிலோஸ்கோப்பில் அளப்பதே நம்பகமான வழி.

ஆஸிலோஸ்கோப்பை எல்லா ஊருக்கும் தூக்கிப்போக முடியாது. அங்கேதான் பிடிபி-11 தானே கைகொடுத்தது. அதன் நேரக் கடிகாரம் மின்கம்பியில் வரும் அலைகளை எண்ணித்தான் ஓடுகிறது. ஆர்டி-11இடம் 50 ஹெர்ட்ஸ் என்று சொல்லி வைத்து, நேரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கேட்டால் போதும். 2 நிமிடம் 24 வினாடி பின்தங்கியிருந்தால் சராசரி அதிர்வெண் 48 ஹெர்ட்ஸ். கருவி எதுவும் தேவையில்லை, அதிகாரிகளுக்குக் காட்டவும் எளிது. அச்சடித்த தாளில் இரண்டு நேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் யாரும் டிரைவைக் குறை சொல்வதில்லை. கணினியின் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்ற தனிப் புகார் ஒன்றும் அதே கோப்பில் தூங்கிக்கொண்டிருந்ததுண்டு. இரண்டும் ஒரே புகார் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

தீர்வு எளிமையானது, ஆனால் விலை கூடியது. படிகத்தால் அதிர்வெண்ணை நிலைநிறுத்தும் ஒரு சிறிய இன்வெர்ட்டரை டிரைவ் பெட்டிக்கு மட்டும் கொடுப்பது. கணினி பழையபடி ஸ்டெபிலைசரிலேயே ஓடலாம். டீசல் ஜெனரேட்டரை இதற்கு மாற்று என்று சொன்னவர்களிடம் நான் உடன்பட்டதில்லை. குளிர்சாதனப் பெட்டி ஒன்று ஓடத் தொடங்கினாலே ஜெனரேட்டரின் வேகம் ஒரு கணம் தள்ளாடும். சரியாக அந்தக் கணத்தில்தான் யாராவது கோப்பைச் சேமித்துக்கொண்டிருப்பார்கள்.

வெற்றுத் தட்டுகள் வேறொரு சங்கடம். இந்த டிரைவுகளால் புதிய தட்டை முதலிலிருந்து ஃபார்மட் செய்ய முடியாது. ஆர்எக்ஸ்01 ஐபிஎம் 3740 அமைப்பையே பின்பற்றியது: 77 தடம், தடத்துக்கு 26 செக்டர், செக்டருக்கு 128 பைட். ஆகவே சிபி/எம் இயங்குதளத்தில் ஓடும், எட்டு அங்குல டிரைவுள்ள கணினி ஒன்றில் அந்த அமைப்பில் ஃபார்மட் செய்து கொண்டுவரலாம். பிறகு ஆர்எக்ஸ்02இல் FORMAT கட்டளை கொடுத்தால் அடர்த்தியை இரட்டிப்பாக்கிக்கொள்ளும். பொது அமைப்பைக் கடைப்பிடித்த ஆர்எக்ஸ்01 என் கணக்கில் சிறந்த வடிவமைப்பு. ஆர்எக்ஸ்02 அதிகம் கொள்ளும், ஆனால் அதன் இரட்டை அடர்த்தித் தட்டை வேறு நிறுவனத்து இயந்திரத்தில் படிப்பது பெரும்பாடு.

பிறகு வந்த ஆர்எக்ஸ்33 ஐந்தேகால் அங்குல டிரைவ், தன் வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் நேர்மின் மோட்டார். 80 தடம், இரு பக்கம், 15 செக்டர், பிசியின் 1.2 மெகாபைட் தட்டும் அதுவும் ஒன்றேதான். அதோடு மின்தொகுப்புக்கும் தட்டுக்கும் இருந்த உறவு முடிந்தது. கேபிளைப் பற்றிய கேள்விகள் உண்மையிலேயே முக்கியமானவை ஆகிவிட்டன: டிரைவ் தேர்வு ஜம்பர் எங்கே, கடைசி டிரைவில் மட்டும் டெர்மினேட்டர் இருக்கிறதா, பிசியின் முறுக்கிய கேபிளை யாராவது மாட்டிவைத்திருக்கிறார்களா.

இப்போது அமெரிக்காவிலிருந்து ஆர்எக்ஸ்02 பெட்டியை வரவழைத்து உயிர்ப்பிக்க முனைபவர்கள் அடிக்கடி எழுதிக் கேட்கிறார்கள். மேல்மூடியைக் கழற்றிக் கப்பியின் படத்தை அனுப்புங்கள், கேபிளைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றே பதில் எழுதுகிறேன்.