மெக்சிகோவும் ஐநூத்தியொண்ணும்

நான் காயின் சேர்க்க ஆரம்பிச்சது ஆசைப்பட்டு இல்லீங்க, வேற வழி இல்லாம. பத்து ரூபா காயினை எவனும் வாங்க மாட்டேன்னு நின்ன காலம் ஒண்ணு இருந்துச்சே ஞாபகம் இருக்கா, கடையில நீட்டினா "இது செல்லாதுண்ணே", பஸ்ல நீட்டினா கண்டக்டர் என்னைக் கள்ள நோட்டு கும்பல்ல மூணாவது ஆள் மாதிரி ஒரு பார்வை பார்ப்பாரு, ஆனா அவங்க நமக்கு மீதி குடுக்கும்போது மட்டும் அதே பத்து ரூபா காயின் எப்படியோ நம்ம உள்ளங்கையில வந்து உக்காந்திருக்கும். ரிசர்வ் பேங்க் 2018 ஜனவரியில, இதுவரைக்கும் 14 டிசைன்ல பத்து ரூபா காயின் விட்டிருக்கோம், பதினாலும் செல்லும்னு அறிக்கையே விட்டுச்சு. அதைப் போன்ல எடுத்து ஒருத்தர்கிட்ட காட்டினேன். முழுசா படிச்சாரு மனுஷன். படிச்சிட்டு, "அப்ப அவங்ககிட்டயே போய்க் குடுங்க"ன்னு போனைத் திருப்பிக் குடுத்தாரு.

இப்படி செலவாகாத காசெல்லாம் வீட்டுல ஒரு டப்பாவுல சேர்ந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், கரண்ட் இல்ல, போன்ல சார்ஜும் இல்ல, சும்மா டப்பாவைக் கொட்டி அந்தப் பதினாலுல நம்மகிட்ட எத்தனை இருக்குன்னு பிரிச்சுப் பார்த்தேன். எட்டு இருந்துச்சு. அவ்வளவுதான், மீதி ஆறு எங்கன்னு மண்டைக்குள்ள பூரான் புகுந்துடுச்சு.

அதுக்கப்புறம் கையில எந்தச் சில்லறை வந்தாலும் முதல்ல திருப்பி வருஷத்தைப் பார்க்கணும், வருஷத்துக்குக் கீழ என்ன இருக்குன்னு பார்க்கணும். இது தெரியாதவங்களுக்கு சொல்றேன், உங்க பாக்கெட்ல இருக்கிற ரூபாயை எடுத்து வருஷத்துக்குக் கீழ உத்துப் பாருங்க, குட்டியா ஒரு நட்சத்திரம் இருந்தா அது ஹைதராபாத்ல அடிச்சது, டைமண்ட் இருந்தா மும்பை, ஒரு புள்ளி இருந்தா நொய்டா, ஒண்ணுமே இல்லன்னா கல்கத்தா. கல்கத்தாக்காரங்களுக்கு மட்டும் எதுக்கு இந்த கெத்துன்னு தெரியல, நாங்க அடிச்சா அடையாளமே வேணாம்ங்கிற மாதிரி. பொண்டாட்டி இதைக் கேட்டுட்டு, "ஏங்க, எங்க அடிச்சா என்ன, எல்லாம் ஒரு ரூபாதானே"ன்னா. இந்தக் கேள்விக்கு இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட பதில் இல்ல.

எனக்கு வந்ததுல சந்தோஷப்பட்டதுன்னா முதல்ல திருவள்ளுவர். 1995ல தஞ்சாவூர்ல எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்துச்சுல்ல, அதுக்காக விட்ட காயின். பஸ்ல நின்னுக்கிட்டு ஒரு கையால கம்பியைப் பிடிச்சு இன்னொரு கையில மீதி வாங்கறேன், உள்ளங்கையில வள்ளுவர், நான் என்னையறியாம "அய்யோ"ன்னுட்டேன், முன்னாடி சீட் அம்மா நான் அவங்க காலை மிதிச்சுட்டுத்தான் சொல்றேன்னு நெனச்சு "பரவால்லப்பா"ன்னாங்க. அப்புறம் காமராஜர் வந்தாரு, 2003ல அவரோட நூற்றாண்டுக்கு விட்டது. அண்ணா வந்தாரு, அது 2009, அவரோட தமிழ்க் கையெழுத்தே காசுல இருக்கும். 2010ல பெரிய கோயிலுக்கு ஆயிரம் வருஷம் ஆனப்ப விட்ட அஞ்சு ரூபா, அது எனக்கு வந்த நிலைமை வேற, யாரோ சுண்ணாம்புல ஊறப்போட்ட மாதிரி, கோபுரத்தைத் தடவித்தான் கண்டுபிடிச்சேன்.

அந்தப் பழைய குண்டு அஞ்சு ரூபா இருக்கே, 9 கிராம், சட்டை பாக்கெட்ல நாலு போட்டா சட்டையே ஒரு பக்கமா சாயும், அது ஏன் இப்ப கண்ணுலயே பட மாட்டேங்குதுன்னு யோசிச்சிருக்கீங்களா. காசோட மதிப்பைவிட அதுல இருக்கிற உலோகத்துக்கு மதிப்பு ஜாஸ்தின்னு கண்டுபிடிச்ச புண்ணியவான்கள் அதைக் கடத்திட்டுப் போய் உருக்கி சவரம் பண்ற பிளேடு ஆக்கினாங்கன்னு அப்ப பேப்பர்லயே வந்துச்சு. நாம உண்டியல்ல போட்ட அஞ்சு ரூபா எங்கயோ ஒருத்தன் தாடியை எடுத்திருக்கு. 2007ல வந்த நாட்டிய முத்திரை சீரிஸ் வேற கதை, ஒரு ரூபால கட்டை விரலைத் தூக்கிக் காட்டும், ரெண்டு ரூபால ரெண்டு விரல், அது வந்த புதுசுல ரெண்டையும் மாத்தி மாத்திக் குடுத்து நான் ஏமாந்த கணக்கைப் போட்டா ஒரு மேஜை ஃபேனே வாங்கியிருக்கலாம். அதுக்கு முன்னாடி இருந்த பதினோரு மூலை ரெண்டு ரூபா எவ்வளவு தங்கமான காசு, இருட்டுல தடவினாலே தெரியும்.

நடுவுல மச்சான் ஒருத்தர் வீடியோ ஒண்ணு அனுப்பினாரு. 2012ல விட்ட வைஷ்ணோ தேவி காயின் வெச்சிருந்தா லட்சக்கணக்குல தூக்கிக் குடுக்கறாங்களாம். என்கிட்ட ரெண்டு இருந்துச்சு. சரி பார்ப்போமேன்னு அதுல இருந்த நம்பருக்குப் போன் போட்டா, ரொம்ப மரியாதையா பேசினாங்க, சார் சார்னு, உங்க காயினுக்கு ஆள் ரெடி சார், ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் மட்டும் கட்டிடுங்கன்னாங்க. காசு விக்கறதுக்கு நான் எதுக்குய்யா காசு கட்டணும்? ரிசர்வ் பேங்க் பேரைச் சொல்லி வேற பேசினான், ஆனா ரிசர்வ் பேங்க் 2021லயே சொல்லிடுச்சு, பழைய நோட்டு காயின் வாங்கற விக்கற வேலையில நாங்க இல்ல, அதுக்குக் கமிஷன் ஃபீஸ் எதுவும் கேக்கறதும் இல்லன்னு. நான் போனை வெச்சுட்டேன். மச்சான் இன்னும் அதே மாதிரி வீடியோ அனுப்பிட்டுத்தான் இருக்காரு.

இப்ப மெக்சிகோ விஷயத்துக்கு வர்றேன்.

தொண்ணூறுகள்ல நம்ம நாட்டுல காயின் பத்தலன்னு வெளிநாட்டு மின்ட்லயும் அடிச்சு வாங்கியிருக்காங்க, மாஸ்கோ, மெக்சிகோ, ஸ்லோவாக்கியான்னு. இதைப் படிச்சதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. நம்ம ரூபா, அசோகச் சிங்கம், இந்தியில ரூபாய்னு எழுத்து, எல்லாம் இருக்கு, ஆனா பொறந்தது மெக்சிகோ. அடையாளம் என்னன்னா வருஷத்துக்குக் கீழ இங்கிலீஷ் எம் எழுத்து, அது தலைக்கு மேல ஒரு குட்டி வட்டம். காயின் சேர்க்கற பெரிய ஆளுங்களுக்கு இது ஒண்ணும் அபூர்வம் இல்ல, சிரிப்பாங்க. ஆனா எனக்கு ஏழு மாசமா கிடைக்கல, ஏழு மாசமும் பழைய பெரிய சைஸ் ஒரு ரூபா எவன் கையில பார்த்தாலும் "ஒரு நிமிஷம் குடுங்க"ன்னு வாங்கிப் பார்த்துட்டிருந்தேன்.

கடைசியில ஒரு நாள் ராத்திரி, எடை பார்க்கிற மெஷினுக்குப் போடலாம்னு பாக்கெட்ல இருந்து எடுத்த காயினை, போடறதுக்கு முன்னாடி பழக்கதோஷத்துல திருப்பினேன். 1997. கீழ எம். மேல வட்டம். எடை பார்க்கல. அப்படியே வீட்டுக்கு ஓடிட்டேன்.

அதை டப்பாவுல போட மனசு வரல. ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு காந்தம் இருக்கு, கிளி பொம்மை, இந்த ஒரு ரூபா எவர்சில்வர்ங்கறதால காந்தத்துல ஒட்டும் (குண்டு அஞ்சு ரூபா ஒட்டாது, ட்ரை பண்ணிப் பாருங்க), கிளிக்கு அடியில வெச்சேன். வீட்டுக்கு வர்றவங்க எல்லாரையும் ஃப்ரிட்ஜ் கிட்ட கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். ஆபீஸ்ல பக்கத்து சீட்காரர் நம்ப மாட்டேன்னாரு, அவருக்கும் ஒரு நாள் எடுத்துட்டுப் போய்க் காட்டியாச்சு. அவர் கையில வாங்கி ரெண்டு பக்கமும் பார்த்துட்டு, "ஒரு ரூபாதான?"ன்னாரு. என் பொண்டாட்டியும் இவரும் பேசி வெச்சுக்கிட்டாங்களான்னு தெரியல.

அடுத்த வாரம் பொண்டாட்டியோட சித்தப்பா பையன் கல்யாணம். அவ முந்தின நாளே ரிசப்ஷனுக்குப் போயிட்டா, ராத்திரி போன் பண்ணி, "மொய் வெச்சாச்சு, ஐநூத்தியொண்ணு, நீங்க காலையில வெறுங்கையோட வந்தா போதும்"னா. சரின்னுட்டேன். விடிகாலை எழுந்து தண்ணி பாட்டில் எடுக்கப் போனா, ஃப்ரிட்ஜ் கதவுல கிளி மட்டும் தனியா நிக்குது. அடியில ஒண்ணும் இல்ல.

ஐநூறு ரூபா நோட்டு எடுத்திருக்கா. மேல ஒரு ரூபா வேணும்னு தேடியிருக்கா. கண்ணெதிர்ல கிளி.

போன் அடிச்சா எடுக்கல, கல்யாண வீட்டுல எவ போன் எடுப்பா. பஸ் பிடிச்சு மண்டபத்துக்குப் போய், பொண்ணு மாப்பிள்ளை பக்கம்கூடப் போகாம நேரா மொய் எழுதற மேஜைக்குப் போனேன். அங்க பெரிய மாமா ஒருத்தர், நோட்டும் மஞ்சப்பையுமா உக்காந்திருக்காரு.

"மாமா, நேத்து எங்க வீட்டுல வெச்ச கவரைக் கொஞ்சம் பாக்கலாமா?"

"ஏன் மாப்ள, கூட வெச்சிட்டீங்களா?"

"இல்ல மாமா. ஒரு ரூபாயை மட்டும் மாத்தணும்."

அவர் கண்ணாடியைக் கழட்டினாரு. "ஐநூறு இருக்கட்டுமா?"

"இருக்கட்டும் மாமா."

"ஒரு ரூபா மட்டும் வேணுமா?"

"வேற ஒரு ரூபா தந்துடறேன் மாமா."

எனக்குப் பின்னாடி நாலு பேர் கவரும் கையுமா நிக்கறாங்க, அதுல ஒரு பாட்டி, "எடுத்தா உடனே வெச்சுடுப்பா, மொய்யை மொட்டையா விடாத"ன்னாங்க. மாமா மஞ்சப்பைக்குள்ள கையை விட்டுக் கட்டுக் கட்டா கவர் எடுத்து, பேர் பார்த்து, எங்க கவரை ரெண்டு விரலால நீட்டினாரு. மேல பளபளன்னு ஒரு ரூபா ஒட்டியிருக்கு. சிங்கம் பக்கம் மேல, வருஷம் பக்கம் கோந்துக்குள்ள. பழைய பெரிய சைஸ். சந்தேகமே இல்ல. நகத்தை விட்டு நெம்பினேன், வட்டமா கவர் பேப்பரும் சேர்ந்து உரிஞ்சு வந்துச்சு, உள்ள இருக்கிற காந்தி தாத்தா அந்த ஓட்டை வழியா என்னைப் பார்க்கறாரு. இதுக்குப் பதிலா வைக்கணுமே, மாமா முறைக்கறாரு, பாட்டி இருமறாங்க, பர்ஸ் காசு அறையில விரலை விட்டேன், வட்டமா ஒண்ணு தட்டுப்பட்டுச்சு, ஒரு ரூபாதான், எடுத்து ஓட்டை மேல வெச்சேன், மாமா செல்லோ டேப்பை எடுத்து குறுக்கயும் நெடுக்கயும் நாலு சுத்து சுத்தினாரு, "இனி இந்த ஜென்மத்துல வராது மாப்ள"ன்னு.

கை கழுவற இடத்துல நின்னு தேய்ச்சேன். கோந்து லேசுல போகல, முதல்ல பேப்பர் போச்சு, அப்புறம் வருஷம் தெரிஞ்சுது. 1994.

கீழ நட்சத்திரம். ஹைதராபாத்.

பின்னாடியே பொண்டாட்டி வந்துட்டா. "வந்ததுலேர்ந்து எதுக்குக் கையைக் கழுவிட்டே இருக்கீங்க?"

"ஃப்ரிட்ஜ்ல இருந்த ஒரு ரூபாயை எங்கடி?"

"எனக்கென்ன தெரியும்?"

"கவர்ல ஒட்டினியே!"

"நான் எங்க ஒட்டினேன், கவர் வாங்கும்போதே ரூபா ஒட்டித்தான வருது. அதான் போன வாரம் ஆபீஸ்ல காட்டறேன்னு பர்ஸ்ல வெச்சிட்டுப் போனீங்களே, திரும்ப எடுத்து வெச்சீங்களா?"

குழாய்ல தண்ணி பாட்டுக்கு ஓடுது. நான் பர்ஸைத் திறந்து காசு அறையைத் தலைகீழா கவுத்தேன். ஒரு பஸ் டிக்கெட் விழுந்துச்சு.

மேஜை வரைக்கும் திரும்பப் போனேன், பொய் சொல்லல. நான் தூரத்துல வர்றதைப் பார்த்ததுமே மாமா மஞ்சப்பையைத் தூக்கி மடியில வெச்சு ரெண்டு கையாலயும் கட்டிக்கிட்டாரு. அதுக்கு மேல எனக்குக் கால் நகரல. இப்ப அவங்க சொந்தத்துல எனக்குப் பேரே "ஒரு ரூபா மாப்ள"தான், போன வாரம் ஒரு சீமந்தத்துக்குப் போயிருந்தப்ப யாரோ ஒரு சின்னப் பையன் என்னைப் பார்த்துட்டு அவங்கம்மாகிட்ட மொய்க் கவரைக் குடுத்து ஒளிச்சு வைக்கச் சொல்றான்.

புது ஜோடி அந்தக் கவரைப் பிரிச்சு இந்நேரம் செலவே பண்ணியிருப்பாங்க. அதனால சில்லறை வாங்கும்போது தயவுபண்ணி ஒரு தடவை திருப்பிப் பாருங்க. 1997, கீழ ஒரு எம், அது தலையில குட்டி வட்டம், குறுக்கயும் நெடுக்கயும் செல்லோ டேப் பிசின் இருக்கும். கிடைச்சா சொல்லுங்க, வேற ஒரு ரூபா தந்துடறேன்.