கட்டில் கம்பியில் ஒட்டியிருப்பது

ஐசியூவில் ஒரு கட்டில் காலியானதும் நான் முதலில் பார்ப்பது அதன் பக்கவாட்டுக் கம்பியைத்தான். நோயாளி தொடுவார், நாங்கள் தொடுவோம், பார்க்க வந்தவரும் பிடித்துக்கொண்டு நிற்பார். கேண்டிடா ஆரிஸ் என்ற பூஞ்சை அங்கே வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். வழக்கமாகத் துடைக்கும் சில கிருமிநாசினிகளுக்கு அது அசைந்து கொடுப்பதில்லை. குளோரின் கலந்ததோ ஹைட்ரஜன் பெராக்சைடோ வேண்டும். அதையும் சும்மா ஒரு இழுப்பு இழுத்தால் போதாது, குறிப்பிட்ட நேரம் வரை ஈரம் காயாமல் இருக்க வேண்டும். அவசரத்தில் இதைத்தான் விட்டுவிடுகிறோம்.

2009-ல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்துத்தான் இதை முதலில் விவரித்தார்கள். ஆரிஸ் என்றால் லத்தீனில் காது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் மிக ஆபத்தான நான்கு பூஞ்சைகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது.

பாக்டீரியாவுக்கு மருந்தை மாற்றிப் பார்க்க நிறைய வழி உண்டு. பூஞ்சைக்கு முக்கியமாக மூன்று வகை மருந்துகள்தான். அதன் செல் அமைப்பு நம் செல்லோடு நெருங்கியது. அதைக் கொல்லும் மருந்து நம்மையும் பதம் பார்த்துவிடும். ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து பெரும்பாலும் ஆரிஸிடம் எடுபடுவதில்லை. மூன்று வகைக்கும் மசியாத ரகங்களும் வந்துவிட்டன.

இந்தப் பூஞ்சை தோலில் எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கும். கழுத்து ரத்தக்குழாயில் போட்ட லைன் என்கிற மெல்லிய குழாய் வழியாக உள்ளே போய்விட்டால்தான் உயிருக்கே ஆபத்து. அதனால் தினமும் ரவுண்ட்ஸில் கேட்கிறேன்: "டாக்டர், இந்த லைன் இன்றைக்கும் தேவையா?" சிலருக்கு எரிச்சல் வரும். பரவாயில்லை, நாளைக்கும் கேட்பேன்.