மாடிப்படி வகுப்பு

2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு இருந்த நாட்களில்தான், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிப்படியில் மெழுகுவர்த்தி ஏற்றிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். அப்போது எனக்கு வேலை இல்லை. காலையில் எழும்பவே மனம் வராது. உற்சாகம் வந்தபின் தொடங்கலாம் என்று இருந்திருந்தால் எதுவுமே தொடங்கியிருக்காது. (விடாமல் தள்ளிவிட்ட அம்மாவுக்கு இன்றும் நன்றி.)

இப்போது ஒன்பது பிள்ளைகள். கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து ரயிலில் நெரிபட்டு, கால் கடுக்க வந்தாலும், படியடியில் குட்டிச் செருப்புகளைக் கண்டதும் களைப்பு எங்கோ போய்விடுகிறது.

முதலில் வந்தவள் இந்த வருடம், பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். பின்னம் என்றாலே அழுதவள்! நேற்று ஒரு சின்னவனுக்கு அவளே பின்னம் விளக்கிக்கொண்டிருந்தாள். தேநீரோடு கதவடியில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.