லைஃப் ராஃப்ட் சர்வீஸ்: ஓரலுக்கு எண்களை மட்டும் பாடமாக்காதீர்கள்

மலையகத்திலிருந்து கப்பல் வேலைக்குப் படிக்கும் தம்பிமாரும் தங்கச்சிமாரும் பாதுகாப்புப் பாடத்தில் அதிகம் தடுமாறுவது லைஃப் ராஃப்ட்டில்தான், அதாவது கப்பலைக் கைவிடும்போது ஊதி விரியும் உயிர்காப்பு மிதவையில்தான். லைஃப் போட் என்ற உயிர்காப்புப் படகில் ஏறிப் பார்க்கலாம், தொட்டுப் பார்க்கலாம். ராஃப்ட்டோ வெள்ளை ஃபைபர் கூட்டுக்குள் மடிந்து கிடக்கும். கப்பலில் அதைத் திறந்து பார்க்க முடியாது. கண்ணால் காணாத பொருளைக் குறிப்பை வைத்து மனனம் செய்தால், கொழும்பில் ஓரலுக்கு, அதாவது வாய்மொழிப் பரீட்சைக்கு, உட்கார்ந்ததும் 12 மாதம், 17 மாதம், 5 வருடம், 10 வருடம், 4 மீற்றர் என்று எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால், எது பழுதாகும் என்ற காரணம் ஒன்று இருக்கிறது. காரணத்தைப் பிடித்துக்கொண்டால் எண் தானாக வரும்.

முதல் கேள்வி பெரும்பாலும் சர்வீஸ் இடைவெளி பற்றியது. சோலாஸ் எனும் கடல் பாதுகாப்புச் சர்வதேச உடன்படிக்கையின் அத்தியாயம் 3, ஒழுங்குவிதி 20இன்படி ராஃப்ட்டை 12 மாதத்துக்குள் ஒரு தடவை அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்துக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு வழியே இல்லாதபோது 17 மாதம் வரை நீடிக்கலாம். அந்த நீடிப்பை யார் தருவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கப்டனும் இல்லை, கம்பனியும் இல்லை. கப்பல் எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறதோ அந்த நாட்டு நிர்வாகம். 30 மாதம் வரை நீண்ட இடைவெளிக்குத் தனி அங்கீகாரம் பெற்ற புதுவகை ராஃப்ட்களும் உண்டு. அதைக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

ஏன் 12 மாதம்? கூட்டுக்குள் ஈரம் சேர்கிறது, மடிப்பு விழுந்த இடத்தில் பசை விடுகிறது, சிலிண்டர் தலையில் வாயு கசியலாம், பற்றரிக்கும் ஃபிளேர் எனும் தீச்சமிக்ஞைக்கும் தண்ணீர்ப் பொதிக்கும் மருந்துக்கும் காலாவதித் திகதி இருக்கிறது. அடுத்த சர்வீஸுக்கு முன்னர் காலாவதியாகும் எதையும் திரும்ப உள்ளே வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னால் பதில் முழுமையாகும்.

சர்வீஸ் நிலையத்தில் நடக்கும் சோதனைகளுக்கு அடிப்படை, சர்வதேச கடல்சார் அமைப்பான ஐஎம்ஓவின் ஏ.761(18) தீர்மானம். நான்கு சோதனைகளை நன்றாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு வருடமும் நடப்பது வேலை அமுக்கச் சோதனை. உலர்ந்த காற்றால் ராஃப்ட்டை வேலை அமுக்கத்துக்கு ஊதி ஒரு மணித்தியாலம் விடுவார்கள். அமுக்கம் 5 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. ஆனால் அமுக்கமானியில் தெரிவதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கொழும்பில் வாங்கிய சிப்ஸ் பக்கெட் நுவரெலியா போய்ச் சேரும்போது உப்பிக்கொண்டு நிற்பதை நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். பக்கெட்டுக்குள் காற்று கூடவில்லை. வெளியே வளிமண்டல அமுக்கம் குறைந்திருக்கிறது. ராஃப்ட்டின் மானியும் அந்த வித்தியாசத்தைத்தான் காட்டுகிறது. ஆகவே பரோமீற்றர் எவ்வளவு இறங்குகிறதோ, மானி ஏறத்தாழ அவ்வளவு ஏறும். வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் மாறினால் மானி ஏறத்தாழ 4 மில்லிபார் மாறும்.

இதைக் கணக்காகவே போட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் 200 மில்லிபார், 30 பாகை. ஒரு மணித்தியாலம் கழித்து 188 மில்லிபார், 28 பாகை. பரோமீற்றர் மாறவில்லை. குறைவு 12, அதாவது 6 சதவீதம். ராஃப்ட் தவறியது போலத் தெரியும். 2 பாகைக்கு 8 மில்லிபாரைத் திருத்தினால் உண்மையான இழப்பு 4 மில்லிபார்தான், 2 சதவீதம். ராஃப்ட் தேறிவிட்டது. ஏசி போட்ட அறையின் கதவை நடுவில் திறந்து வைத்தாலே முடிவு மாறிப்போகும் என்பது இதிலிருந்து விளங்கும். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு இது கையில் இருக்கும் பாடம்.

5 வருடத்துக்கு ஒரு தடவை வாயு ஊதல் சோதனை. ராஃப்ட்டின் சொந்தச் சிலிண்டரையே இயக்கி, அது முழுதாக ஊதுகிறதா என்று பார்ப்பது. சிலிண்டரில் இருப்பது காபனீரொட்சைட்டு, கூடவே கொஞ்சம் நைதரசன். 18 முதல் 20 பாகையில் 1 நிமிடத்துக்குள்ளும், மறை 30 பாகையில் 3 நிமிடத்துக்குள்ளும் ஊதி முடிய வேண்டும் என்பது உயிர்காப்புச் சாதனங்களுக்கான எல்எஸ்ஏ கோட் சொல்வது. ஊதிய பிறகு ‘உஸ்’ என்று சத்தம் வந்தால் என்ன செய்வீர்கள் என்பது பழைய கேள்வி, இன்னும் கேட்கிறார்கள். அது ஓட்டை அல்ல. மிகுதி அமுக்கத்தை நிவாரண வால்வு வெளியே விடுகிறது. அடைக்கப் போகாதீர்கள்.

10ஆவது வருடத்திலிருந்து ஒவ்வொரு வருடமும் இரண்டு சோதனைகள் கூடுகின்றன. ஒன்று மேலதிக அமுக்கச் சோதனை. நிவாரண வால்வுகளை அடைத்துவிட்டு, வேலை அமுக்கத்தின் இரு மடங்கு, அல்லது குழாய்த் துணியின் குறைந்தபட்ச இழுவலிமையில் 20 சதவீதத்தை அதன் மேல் ஏற்றும் அமுக்கம், இரண்டில் எது குறைவோ அதுவரை மெதுவாக ஏற்றி 5 நிமிடம் வைப்பார்கள். தையல் நழுவக் கூடாது. வெடிக்கும் சத்தத்தோடு அமுக்கமும் இறங்கினால் அந்த ராஃப்ட் கழிக்கப்படும், ஒட்டுப் போடுவது கிடையாது. மற்றது தரைத் தையல் சோதனை: ராஃப்ட்டை நிலத்திலிருந்து உயர்த்தி வைத்து, 75 கிலோவுக்குக் குறையாத ஒருவர் தரையின் ஓரம் முழுக்க நடந்தோ தவழ்ந்தோ போவார். ராஃப்ட் பழசாகும்போது முதலில் கைவிடுவது பசை. அதனால்தான் இந்த இரண்டும் பிந்திய வயதில் வருகின்றன.

டேவிட் என்ற தூக்கி இறக்கும் கையால் இறக்கும் ராஃப்ட்டுக்கு 10 சதவீத மேலதிகச் சுமைச் சோதனையும் உண்டு. அது ஒன்று விட்ட சர்வீஸில் வரும்.

இனி ஹைட்ரோஸ்டாடிக் ரிலீஸ், அதாவது கப்பல் மூழ்கும்போது நீரமுக்கத்தால் ராஃப்ட்டைத் தானாக விடுவிக்கும் கருவி. ஓரலில் தேறுவதும் தவறுவதும் பெரும்பாலும் இங்கேதான், கப்பலிலும் உயிர் போகும் பிழைகள் அதிகம் நடப்பது இங்கேதான். ஆகவே படம் வரைந்து பழகுங்கள். கப்பல் மூழ்கி 4 மீற்றர் ஆழத்துக்குள் நீரமுக்கம் ரிலீஸை இயக்குகிறது, கூட்டைக் கட்டியிருக்கும் லாஷிங் விடுபடுகிறது, கூடு மேலே மிதக்கிறது. ராஃப்ட்டைக் கப்பலோடு இணைக்கும் பெயின்டர் கயிறு வெளியே இழுபட்டு விறைக்கும்போது சிலிண்டர் இயங்கி ராஃப்ட் ஊதுகிறது. ஊதிய ராஃப்ட்டின் மிதப்பு விசை, அறுவதற்கென்றே வைத்த பலவீன இணைப்பான வீக் லிங்க்கை அறுத்து, ராஃப்ட்டைக் கப்பலிடமிருந்து பிரிக்கிறது. வீக் லிங்க்கின் உடையும் விசை 2.2 கிலோநியூட்டன், கூடக் குறைய 0.4. ஏறத்தாழ 225 கிலோ தொங்கினால் அறும். பெயின்டரோ 8 பேர் வரையான ராஃப்ட்டுக்கு 7.5, 9 முதல் 25 பேர் வரை 10, அதற்கு மேல் 15 கிலோநியூட்டன் தாங்க வேண்டும்.

இப்போது பிழையைப் பாருங்கள். பெயின்டரை வீக் லிங்க் இல்லாமல் நேரே தளத்து வளையத்தில் ஷாக்கிள் என்ற இரும்புக் கொளுவி போட்டுக் கட்டினால், ஊதிய ராஃப்ட்டைக் கப்பல் தன்னோடு கீழே இழுத்துக்கொண்டு போகும். பெயின்டரை எதிலுமே கட்டாமல் விட்டால் கூடு மிதந்து வரும், ஆனால் ஊதாது. லாஷிங்குக்கு மேலே ‘பாதுகாப்புக்கு’ என்று இன்னொரு கயிற்றைப் போட்டால் கூடு மேலேயே வராது. மூன்றும் வெளியே பார்த்தாலே தெரியும் பிழைகள். வாராந்தப் பார்வையில் பிடிபட வேண்டியவை. தூக்கிப் போடும் வகை ரிலீஸ் பொதுவாக 2 வருடத்துக்கானது, காலாவதி மாதமும் வருடமும் அதன் மேலேயே குறிக்கப்பட்டிருக்கும். மற்ற வகைக்கு 12 மாதச் சர்வீஸ். எந்த வகையானாலும் அதன் மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது. கூட்டின் வடிகால் துளைகள் கீழ்ப்பக்கம் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

ஒரு பொறிக் கேள்வி: சரக்குக் கப்பலின் முன்பக்கத்தில் மேலதிகமாக வைக்கும் ராஃப்ட்டுக்கு ஹைட்ரோஸ்டாடிக் ரிலீஸ் வேண்டுமா? ஒழுங்குவிதி 31.1.4இன் கீழ் வரும் அந்த ராஃப்ட்டுக்குச் சோலாஸ் கட்டாயமாக்கவில்லை. கையால் விடுவிக்க முடிந்தால் போதும்.

பெயின்டர் நீளக் கணக்கும் அடிக்கடி வரும். கப்பல் வெறுமையாக மிதக்கும்போது நீர்மட்டத்திலிருந்து ராஃப்ட் வரை உள்ள உயரத்தோடு 10 மீற்றரைக் கூட்டுங்கள். அது 15ஐ விடக் குறைந்தால் 15 எடுங்கள். உயரம் 18 என்றால் 28. உயரம் 4 என்றால் 14 அல்ல, 15.

ராஃப்ட்டுக்குள் வைக்கும் அவசரப் பொருட்களின் ஏ பெக், பி பெக் பட்டியலை ஒப்புவிக்கச் சொல்வதைவிட 25 பேர் ராஃப்ட்டுக்குக் கணக்குக் கேட்பதே வழக்கம். ஏ பெக்கில் ஆளுக்கு 1.5 லீற்றர் வீதம் 37.5 லீற்றர் தண்ணீர், ஆளுக்கு 10,000 கிலோஜூல் வீதம் உணவு, 4 ரொக்கெட் பரசூட் ஃபிளேர், 6 கை ஃபிளேர், 2 மிதக்கும் புகைச் சமிக்ஞை. 13 பேர் அல்லது அதற்கு மேல் என்பதால் கத்தி 2, தண்ணீர் இறைக்கும் பெய்லர் 2. வெப்பக் காப்பு உறை 10 சதவீதம், அதாவது 2.5, ஆகவே 3 வைக்க வேண்டும். பி பெக்கில் உணவும் தண்ணீரும் மீன்பிடிச் சாமானும் இல்லை, சமிக்ஞைகள் பாதி.

செய்முறையில் கவிழ்ந்த ராஃப்ட்டை நிமிர்த்தச் சொல்வார்கள். சிலிண்டர் உள்ள பக்கம் காற்று வீசிச் செல்லும் திசையில் வரும்படி திருப்பி, சிலிண்டர் மேல் நின்று, நிமிர்த்தும் பட்டியைப் பிடித்துப் பின்னால் சாயுங்கள். எதிர் ஓரம் எழும்பியதும் காற்றே உதவும். நம் பக்கம் நீச்சல் குளம் குறைவு என்பதற்காகக் காசல்ரீ போன்ற நீர்த்தேக்கங்களில் இறங்கிப் பழகவே வேண்டாம். வகுப்பு தொடங்க முன்னரே ஒரு குளத்தில் முறையாக நீச்சல் பழகிவிட்டுப் போங்கள்.

தமிழ் மொழிமூலம் படித்தவர்கள் முதலில் இதையெல்லாம் தமிழில் காரணத்தோடு விளங்கிக்கொள்ளுங்கள். பிறகு அதே வரிசையில் ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒருவர் கேட்க ஒருவர் சொல்வது நல்லது.

கடைசியாக, சர்வீஸ் முடிந்து ராஃப்ட் திரும்பி வரும்போது என்ன பார்ப்பீர்கள் என்ற கேள்வி. சான்றிதழில் உள்ள தொடர் இலக்கமும் கூட்டில் உள்ளதும் ஒன்றா, சர்வீஸ் திகதி புதிதாக எழுதப்பட்டிருக்கிறதா, பெக் வகை, பெயின்டர் நீளம், வைக்கக்கூடிய உச்ச உயரம் ஆகியவை உங்கள் கப்பலுக்குப் பொருந்துகின்றனவா, கூட்டின் பட்டிகளும் சீலும் முழுதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தொட்டிலில் வைத்த பிறகு பெயின்டரை வீக் லிங்க்கில் மாட்டியது யார், சரிபார்த்தது யார் என்று இரண்டு பெயர் பதிவில் இருக்கட்டும். இலக்கம் பொருந்தாவிட்டால் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வைக்காதீர்கள். சரியான ராஃப்ட்டோ மாற்று ராஃப்ட்டோ வந்து சேரும்வரை கப்பலில் ஆட்களுக்குரிய இடம் குறைவாக இருக்கிறது என்பதை உடனே கப்டனுக்கு அறிவியுங்கள்.