குரலில் இருக்க வேண்டிய புன்னகை

நவம்பர் 3, திங்கள்

மழை தொடங்கிவிட்டால் இணைய இணைப்புப் புகார்கள் பெருகும் என்பதால், எங்கள் வாடிக்கையாளர் சேவை மையத்தில் காலை ஷிப்டில் அழைப்புகள் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. இணைப்பு இல்லை என்று சொல்லத் தொடங்கிய ஒருவர், என் படிப்பையும் வளர்ப்பையும் இழுத்துப் பேசிய பிறகே அடங்கினார். "தங்கள் சிரமம் புரிகிறது, சார்" என்று நான் சொன்னபோது குரல் சற்றும் பிசகவில்லை. மியூட் பொத்தானை அழுத்திப் பெருமூச்சு விடலாம். ஆனால் மௌனம் நீண்டால் 'டெட் ஏர்' என்று மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். அவர் வைத்த கையோடு அடுத்த அழைப்பு வந்து விழுந்தது. பில் தொகையை மட்டும் கேட்க அழைத்த அந்த அம்மாவுக்கு, அப்போதுதான் பொழுது விடிந்ததுபோல் வணக்கம் சொன்னேன்.

நவம்பர் 5, புதன்

அழைப்புகளைக் கேட்டு மதிப்பெண் போடும் தரப் பிரிவினர், திங்களன்று திட்டியவரின் அழைப்புப் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். நடைமுறையில் குறையில்லையாம்; குரலில் புன்னகை இல்லாததால் 'எம்பதி'யில், அதாவது பரிவில், மதிப்பெண் குறைந்துவிட்டதாம். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்ட், விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் எழுதிய நூலில் இவ்வகை வேலையை உணர்ச்சி உழைப்பு என்றார். முகத்தளவில் நடிப்பதையும், உள்ளுக்குள்ளேயே அவ்வாறு உணர மனத்தைப் பழக்குவதையும் அவர் வேறுபடுத்திக் காட்டினார். முகத்தளவிலான நடிப்புதான் அதிகம் களைப்பூட்டுகிறது என்று பின்வந்த ஆய்வுகள் கூறினாலும், எனக்கு அதுவே போதும். வாடிக்கையாளரைச் சொந்த மாமாவாக நினைத்துக்கொள்ளும்படி பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். மாமா அப்படிப் பேசியிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன்.

நவம்பர் 9, ஞாயிறு

விடுமுறை. "ஏன்டி, என்கிட்டயும் கஸ்டமர் கேர் மாதிரியே பேசுற?" என்று அம்மா கேட்டாள். "மன்னிக்கவும்" என்று வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

தியாகராய நகர் ஜவுளிக்கடையில் நிற்கும் அக்காவைப் போன்றவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வந்தது. கால் வலியைச் சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. வசவு வாங்கிய மனத்துக்கு அப்படி ஓர் இருக்கை இன்னும் இல்லை. தென் கொரியாவில் 2018 அக்டோபர் முதல், வாடிக்கையாளரின் வசவால் பாதிக்கப்படும் ஊழியருக்கு வேலையைத் தற்காலிகமாக நிறுத்தி ஓய்வு தருவது போன்ற நடவடிக்கைகளை எடுப்பது முதலாளியின் கடமை. டோக்கியோ மாநகரில் வாடிக்கையாளர் தொல்லைக்கு எதிரான விதி 2025 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தண்டனை இல்லாவிட்டாலும், அத்தொல்லை தவறு என்று அரசே எழுதிவைத்திருக்கிறது. இங்கோ, எவ்வளவு திட்டினாலும் மேற்பார்வையாளர் அனுமதியின்றி நான் இணைப்பைத் துண்டிக்க முடியாது. கூலிக்குப் புன்னகைப்பதில் எனக்கு மனக்குறை இல்லை; அதைக் கழற்றி வைக்க நேரம் தராததில்தான் குறை.

நவம்பர் 12, புதன்

வசவு அழைப்புக்குப் பின் இரண்டு நிமிடம் அடுத்த அழைப்பு வராமலிருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். "மேல அனுப்புறேன்மா, ஆனா காத்திருப்பு நேரம் கூடிடும்னு சொல்வாங்க" என்றார் டீம் லீட். அவரும் புன்னகையோடுதான் சொன்னார்.