சுறா புட்டு சாப்பிட குளச்சல் போங்க

முக்கடல் பார்க்க வருகிறவர்களை நம்பி கன்னியாகுமரி கடற்கரை ஓட்டல்களில் விற்கும் சுறா புட்டைத் தொடாதீர்கள். மூக்கைத் துளைக்கும் நெடி, அதை மறைக்க ஒரு கை கரம் மசாலா, அதற்கு ஒரு விலை! அந்தக் காசை வைத்துக்கொண்டு நாகர்கோவிலில் குளச்சல் பஸ் ஏறுங்கள்; மீனை வாங்கி நீங்களே செய்துவிடலாம். இறங்கியதும் ஆட்டோ கேட்கும் தொகை பஸ் டிக்கெட்டைப் போலப் பல மடங்கு. மீன் இறங்கும் கரைக்கு நடந்தே போய்விடலாம்.

தேதி முக்கியம். மேற்குக் கரையிலுள்ள குளச்சல், தேங்காய்பட்டணம் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். கிழக்குக் கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டம் துறைமுகத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டம், இரண்டு கணக்கு! அந்த நாட்களில் சின்ன வள்ளக்காரர்கள் கொண்டுவருவதுதான் புதுசு, மற்றதெல்லாம் ஐஸ் பெட்டிச் சரக்கு.

வாங்க வேண்டியது பால் சுறா. தூத்தூர் மீனவர்கள் ஆழ்கடலில் பிடிக்கும் பெரிய சுறா வேறு. அதில் பாதரசம் சேர்ந்திருக்கும்; புட்டுக்கு அது தேவையும் இல்லை. ஆனால் பால் சுறாவிலும் ஒரு அடிக் குஞ்சை ‘பிஞ்சு, நல்லா வேகும்’ என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். புரட்டிப் பாருங்கள். மார்புத் துடுப்புகளுக்கு நடுவே ஆறாத தொப்புள் வடு தெரிந்தால் அது பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ‘வேண்டாம்க்கா’ என்று நகர்ந்துவிடுங்கள். தாய் ஏறக்குறைய ஒரு வருஷம் சுமந்து, பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து குட்டிதான் போடும். மத்திச் சாளை மாதிரி ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிற சாதி இல்லை. குஞ்சை வாங்க ஆள் இருக்கும்வரை அது கரைக்கு வந்துகொண்டேதான் இருக்கும். ஆயிரங்கால் தூண்டிலில், அதாவது நீளக் கயிற்றில் வரிசையாகக் கட்டிய கொக்கியில், சிக்கிய குஞ்சை உயிரோடு விட வாய்ப்பு உண்டு. செவுள் வலையில் மாட்டியது பெரும்பாலும் வலை இழுக்கும் முன்பே செத்திருக்கும். துடுப்பை அறுத்துவிட்டு உடம்பைக் கடலில் வீசுவதை 2013இல் மத்திய அரசு தடை செய்துவிட்டது. துடுப்பு ஏற்றுமதிக்கும் 2015இல் தடை வந்துவிட்டது.

நெடிக்குக் காரணம் மசாலா குறைவது அல்ல. சுறாவின் ரத்தத்திலும் சதையிலும் யூரியா உண்டு. செத்தபின் பாக்டீரியா அதை அம்மோனியாவாக்கும். பிடித்த உடனே ரத்தம் வடித்து ஐஸில் போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. செவுளை விரித்து முகர்ந்து பாருங்கள். மூத்திர வாடை வந்தால் எந்தப் புளியும் காப்பாற்றாது.

அரைக் கிலோ மீனைப் பெரிய துண்டாக்கி, மஞ்சளும் உப்பும் போட்டு, மூடாமல் எட்டு பத்து நிமிஷம் வேகவையுங்கள். மூடினால் நெடி உள்ளேயே சுற்றும். மணல் போலச் சொரசொரக்கும் தோல் இப்போது விரலிலேயே உரிந்துவரும். நடுக்குருத்தெலும்பையும் எடுத்துவிட்டு, சதையைத் துணியில் கட்டி நன்றாகப் பிழியுங்கள். ஓட்டல்களில் விட்டுவிடுவது இதைத்தான். பிழியாவிட்டால் சட்டியில் கூழாகும். தேங்காய் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, 150 கிராம் சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), பத்துப் பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, நாலு பச்சை மிளகாய் வதங்கியதும் உதிர்த்த மீனைச் சேர்த்து, சிறு தீயில் ஈரம் வற்றும்வரை கிளறுங்கள். கடைசியில் ஒரு கைப்பிடித் தேங்காய்த் துருவல், ஒரு ஸ்பூன் நல்லமிளகு (கருப்பு மிளகு)ப் பொடி. தேங்காயை முதலிலேயே போட்டால் அடிபிடிக்கும். கூட அவித்த மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) இருந்தால் போதும், சோறே வேண்டாம்.

ராத்திரி ரயிலில் பச்சை மீன் கொண்டுபோகாதீர்கள், பெட்டியே நாறும். சுறாக் கருவாடு வாங்குங்கள். அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு இதே முறையில் செய்யலாம், உப்பு மட்டும் சேர்க்காமல்.